வருதுன்னு சொன்னால் போதும்

1

இந்தக் கதை என் தலையில் சொட்டியது. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே சொட்டியது. குடியிருப்பு வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உச்சந்தலையில் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேல்வீட்டு பால்கனிக் கொடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜட்டிகள். ஊரில் இல்லாத தடிமன். பக்கத்துத் துணியெல்லாம் காய்ந்து காற்றில் ஆட, இவை மட்டும் அசையாமல் சொட்டிக்கொண்டிருந்தன.

அக்காவுக்குப் போன் போட்டேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நான் எழுதுவதை முதலில் படித்து முகம் சுளிப்பவளும் அவள்தான்.

"அது பயிற்சி ஜட்டிடா. டயபரை நிறுத்தும்போது போட்டுவிடுறது. உள்ள நாலு மடிப்புத் துணி வச்சுத் தைச்சிருக்கும். ஒரு தடவை போனா தரையில அவ்வளவா ஒழுகாது. ஆனா பிள்ளைக்கு ஈரம் தெரியும். தெரிஞ்சாத்தானே அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லும். துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்கலாம்."

"காயறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ ஒரு கதை முடிக்கிற நேரம் ஆகும்."

அந்த வாய்க்காகவே எழுத உட்கார்ந்தேன். மேல்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் இல்லை. கேட்டால் நிஜம் தெரிந்துவிடும், பிறகு நான் எதற்கு?

2

முதல் தொடக்கம்: விடியலின் ஈரம் அந்த வீட்டின் மீது மெல்லப் படர்ந்து—

வேண்டாம். எந்த ஈரம் என்று கேட்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: மனித நாகரிகமே அடக்கிக்கொள்வதில்தான் தொடங்கியது என்று சொன்னால்—

[ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: நீயும் கொஞ்சம் அடக்கிக்கோ.]

மூன்றாவது: ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தான். அவனுக்கு ஒரு மகள்.

இது போதும். மகளுக்கு இரண்டரை வயது. பார்த்துப் பார்த்து ஒரு பெயர் வைத்தார்கள். அதை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் பட்டாணி. அவளுடைய அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் காலைப் பணிக்குப் போகிறவள். அதனால் மெக்கானிக் லீவு போட்டு வீட்டில் இருக்கிறான். திங்கட்கிழமை அவன் வேலைக்குத் திரும்ப வேண்டும், பட்டாணி குழந்தைகள் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

காப்பகத்து டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "டயபர் வேணாம்ங்க. பயிற்சி ஜட்டி போட்டு அனுப்புங்க, நனைச்சாலும் பரவால்ல, மாத்திக்கலாம். ஆனா வருதுன்னு வாயைத் திறந்து சொல்லணும். சொல்லலைன்னா நாங்க என்ன செய்ய?"

பட்டாணிக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. அம்மா வீட்டில் இருந்தால் "ம்மா, உச்சா வருது" என்று கணீரென்று சொல்வாள். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடமாட்டாள். நேராக ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரியும். விரல்கள் ஒரு கணம் மடங்கும். முடிந்தது.

"ஈரம்," என்று வெளியே வந்து அறிவிப்பாள்.

"ஈரம்னு சொல்றியே, வருதுன்னு சொல்லக் கூடாதா கண்ணு?"

"கூடாது."

துவைப்பதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலையில் கிரீஸ் அள்ளிய கை அது. ஆனால் மகள் தன்னிடம் சொல்வதில்லை என்பது அவனை நிஜமாகவே வாட்டியது. நம்மிடம் சொல்லாத பிள்ளை டீச்சரிடமா சொல்லும் என்று நினைத்தான். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது: அவளுக்கு நான் யார்?

3

(இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். லிஃப்ட் மெக்கானிக் என்று வைத்தது குறியீட்டுக்காக. ஏறுவது, இறங்குவது, நடுவில் நின்றுபோவது. அக்கா படித்துவிட்டு "குறியீட்டைத் துவைச்சுக் காயப்போடு" என்றாள். அதனால் அதை எடுத்துவிட்டேன். தொழிலை மட்டும் விட்டுவைத்தேன், ஏனென்றால் அவன் செய்த தப்பு அதிலிருந்துதான் வந்தது.)

லிஃப்ட் பழுதாகும்வரை காத்திருப்பவன் மெக்கானிக் இல்லை. முன்னாடியே போய்ப் பார்ப்பவன்தான் மெக்கானிக். இவன் மகளையும் அப்படியே பராமரித்தான். சோறு ஊட்டும்போது "வருதா?" பொம்மைக்குத் தலை சீவும்போது "வருதா?" தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கும்போது "வருதா?"

"வரல," என்பாள் பட்டாணி. சில நேரம் அவன் வாயைத் திறக்கும் முன்பே "வரல" வந்துவிடும்.

வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் இருக்கை வாங்கியிருந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்காருவாள். வாத்தோடு கதை பேசுவாள், அதைத் திட்டுவாள், முத்தம் கொடுப்பாள். பிறகு எழுந்து, ஜட்டியை மாட்டிவிடச் சொல்லி, திரையை நோக்கி நடப்பாள்.

மனைவிக்குப் போன் போட்டான். "உன்கிட்ட மட்டும் எப்படிச் சொல்றா?"

"தெரியலங்க. நான் கேக்கறதே இல்ல. எனக்கு எங்க நேரம்?"

பதில் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அதனால் அவனை நான் கொஞ்சம் மந்தமாக வைத்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

4

சனிக்கிழமை. மழை மூட்டம். கொடியில் இருந்ததெல்லாம் ஈரம். காய்ந்த கடைசி ஜட்டி பட்டாணியின் இடுப்பில். அந்த நேரம் பார்த்து மேலாளர் போன்.

ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். போயிருக்கும் பையன் புதுசு. மெக்கானிக் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேலாளர் வழியாக அவனுக்கு எந்த சுவிட்சை அணைக்க வேண்டும், எந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முன்னதாக இரண்டு டம்ளர் டீ குடித்திருந்தான். வைக்கவும் முடியாத போன். இடது காலில் நின்றான், வலது காலில் நின்றான், காலைப் பின்னிக்கொண்டு நின்றான்.

பட்டாணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. உனக்கு வருதா?"

"வரல கண்ணு."

அவன் கால்விரல்கள் மடங்கின.

"வருது," என்றாள் பட்டாணி.

"என்னப்பா வருது? கரண்ட்டா?" என்றார் மேலாளர்.

"ஆமா சார், வருது சார், ஒரு நிமிஷம் சார்."

பட்டாணி அவன் விரலைப் பிடித்துக் கழிவறைக்கு இழுத்துப் போனாள். ஓடிப்போய் வாத்தைத் தூக்கி வந்து கதவுக்கு வெளியே போட்டாள். அதன்மேல் ஜட்டியோடு உட்கார்ந்து, "நான் இங்கதான் இருக்கேன், பயப்படாத" என்றாள்.

பிறகு கதவுக்கு வெளியிலிருந்து:

"அப்பா. எனக்கும் வருது."

5

எங்கே போனாள் என்று கேட்கிறீர்கள். வாத்திலா, ஜட்டியிலா? எனக்கும் தெரியவில்லை. வாத்தில் என்று ஒரு முடிவு எழுதினேன், விளம்பரம் மாதிரி இருந்தது. ஜட்டியில் என்று ஒன்று எழுதினேன், வேண்டுமென்றே சோகமாக இருந்தது.

"பாதி ஜட்டியில, பாதி வாத்துல," என்றாள் அக்கா. "இடுப்பு எலாஸ்டிக் இறுக்கமா இருக்கும்டா. அது பாட்டுக்கு முட்டியில மாட்டிக்கும்."

அப்படியே ஆகட்டும். மெக்கானிக் வெளியே வந்து பார்த்தான். கண் கலங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு, நனைந்த ஜட்டி சட்டையில் பட, "சொன்னியே" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். சட்டைப் பைக்குள்ளிருந்து மேலாளர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குள் மாட்டியிருந்தவரும் வெளியே வந்துவிட்டாராம்.

6

திங்கட்கிழமைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். முதல் முடிவில் எல்லாரும் கைதட்டி—

[அக்கா: சீ.]

மற்ற இரண்டையும் அவளுக்குக் காட்டவில்லை.

டீச்சர் மாற்றுத் துணிப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். மெக்கானிக் போய்விட்டதாகப் பேர். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே சுவரோரம் நிற்கிறான். அந்த ஒரு வார்த்தை காதில் விழாமல் அவனுக்குக் கால் நகராது. காப்பக ஜன்னலில் நல்ல நீளமான திரை ஒன்று தொங்குகிறது. பட்டாணி அதைப் பார்த்துவிட்டாள்.

பக்கத்தில் இருக்கும் பெரிய ஆள் நீங்கள் மட்டும்தான். அவளிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். அவள் திரும்பி உங்கள் பாதங்களைப் பார்க்கிறாள். நீங்களும் எழுந்திருக்காமல் இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள்.

"உனக்கு வருதா?"

மரியாதை தெரியாத வயசு, பொறுத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தயவுசெய்து, வரல என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.