பெயருக்குப் பின்னால் இரண்டு குறிகள்

இரங்கல் கடிதம் அட்டையக்காவின் கைக்கே வந்து சேர்ந்தது. உறையின் மேல் 'குடும்பத்தினருக்கு' என்று இருந்ததால் அவளே பிரித்தாள். வேறொரு நாட்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர், நேரில் பார்த்திராதவர், எழுதியிருந்தார். பண்டை எகிப்திய மொழியில் ஒரு சந்தேகம் என்றால் இனி யாரைக் கேட்பது என்று வருந்தியிருந்தார். யார் போய்விட்டார்கள் என்று பாதிக் கடிதம் வரை அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் தன் பெயரைப் பார்த்தாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து, எகிப்திய மொழி அகராதி அலுவலகத்தின் விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்தாள்.

"புதுத் தொகுதி வந்துடுச்சா?"

"வந்து மூணு வாரம் ஆச்சும்மா."

"அதுல 'மா-கெரு'ங்கிற வார்த்தைக்குக் கட்டுரை யார் பேர்ல இருக்கு?"

"தலைமைப் பதிப்பாசிரியர் பேர்லதாம்மா."

"அதை அட்டை அட்டையா எழுதின அம்மா ஒருத்தங்க இருந்தாங்களே?"

"அவங்க தவறிட்டாங்களேம்மா. நீங்க யாரு பேசறது?"

"தவறினவதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். ஒரு சொல் எந்தக் கல்லில், எந்தச் சுருளில், என்ன பொருளில் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஒரு சொல்லைப் பிடித்தால் அட்டைப்பூச்சி மாதிரி விடமாட்டாள் என்பதற்காகவும் சேர்த்துத்தான் அந்தப் பட்டப்பெயர். அச்சுக்குப் பக்கம் கட்டுகிற வேலையில் இருந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. தலைமைப் பதிப்பாசிரியர் தங்கையின் கணவர். மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டை ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள்.

எட்டு மாதம் முன்பு நூலக ஏணியிலிருந்து விழுந்து அட்டையக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அவள் கையில் இருந்த சொல் மா-கெரு. ஒன்பது வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 'மா' என்றால் மெய், சரி. 'கெரு' என்றால் குரல். அதைத் துடுப்பு போன்ற குறியால் எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்தால் 'குரல் மெய்யானவர்'. நம் பேச்சில் ஒருவரை 'மனசு பெரியவர்' என்கிறோமே, பெரியது மனசுதான், ஆனால் சொல் ஆளைச் சுட்டுகிறது. அதே மாதிரியான சொற்கட்டு என்பது அவள் முடிவு. வழக்கில் வென்றவனுக்கு அந்தச் சொல் வரும். செத்தபின் நடக்கும் தீர்ப்பில் தேறியவருக்கு வரும். போகப் போக, இறந்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'காலஞ்சென்ற' என்கிற மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. அபூர்வமாக உயிரோடிருந்த சிலருக்கும் போட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு எழுதினால் நடுவே பாதி ரொட்டி போல ஒரு சின்னக் குறி சேர்ந்து 'மாத்-கெரு' ஆகும்.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, அட்டைகளும் எழுதிய கட்டுரையும் உள்ள பெட்டி இருக்கும் அலமாரியின் சாவியைத் தங்கையிடம் கொடுத்தாள். "பெட்டியை மாப்பிள்ளைகிட்ட குடு. கட்டுரையில கடைசி ரெண்டு பத்தி பாக்கி. நான் எழுந்து வந்து பாத்துக்கறேன்."

"நீ நிம்மதியா இரு அக்கா. நான் பாத்துக்க மாட்டேனா?" என்று தங்கை அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்திருந்தாள்.

கடிதம் வந்த மறுநாள் காலை, ஊன்றுகோலோடு அலுவலகத்துக்குப் போனாள். பதிப்பாசிரியர் அறையில் புதுத் தொகுதி மேசை மேலேயே இருந்தது. அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காராமல் புத்தகத்தைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் 'நினைவுக்கு' என்று போட்டு அவள் பெயர். அதன் பின்னால் மா, கெரு என்று இரண்டு எகிப்தியக் குறிகள். உள்ளே நாலு பக்கக் கட்டுரை, வரிக்கு வரி அவளுடையது. கீழே அவர் பெயர்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"ஒரு மரியாதைக்குப் போட்டது அக்கா. உயிரோட இருக்கறவங்களுக்கும் அதைப் போடுவாங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"'நினைவுக்கு'ன்னு போட்டது யாருக்கு? அதுவும் உயிரோட இருக்கறவளுக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, ரொட்டி எங்கே?"

"எந்த ரொட்டி?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நடிப்பில்லை, மனிதருக்கு உண்மையாகவே புரியவில்லை. கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு அந்த ரொட்டிக் குறியைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் கட்டுரையை முழுசாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. திருடியதைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

தாழ்வாரக் கடைசியில் தங்கையின் அறை. அக்காவைக் கண்டதும் தங்கை எழுந்தாள், பக்கத்தில் வரவில்லை.

"அந்தப் பக்கத்தை நீதானே கட்டினே?"

"ஆமா."

"உனக்கு எல்லாம் தெரியும்."

"அவருக்குப் பெரிய பதவி ஒண்ணு வர்ற மாதிரி இருந்துச்சு அக்கா. பேர் சொல்ற மாதிரி ஒரு கட்டுரை வேணும்னாங்க. நீ இனிமே வேலைக்கு வர மாட்டேன்னு டாக்டரும் சொல்லிட்டார்..."

"வேலைக்கு வர மாட்டேன்னா செத்துப் போனேன்னு அர்த்தமா?"

தங்கை அழ ஆரம்பித்தாள். "ரொட்டியை நான்தான் எடுத்தேன். முழுசாப் போட்டா அது நீயே ஆயிடும்னு கை வரலை. அதான் ஆம்பளைக்குப் போடற மாதிரி விட்டுட்டேன்."

சின்ன வயதில் இவளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக் கொடுத்ததும், காய்ச்சலில் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியதும் எங்கிருந்தோ அட்டையக்காவின் நினைவில் வந்து நின்றன. ஒரு கணம் இவளைக் கட்டிக்கொள்ளலாம் போலக்கூட இருந்தது.

"ரொட்டியைத்தானே எடுத்தே" என்றாள். "பக்கத்தை எடுக்கலையே."

அட்டைப்பெட்டி தங்கையின் மேசைக்கு அடியில் கிடந்தது. அதை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வாரமே, தான் உயிரோடு இருப்பதாக அருங்காட்சியகத்துக்காரருக்குப் பதில் எழுதினாள்; ஒவ்வொன்றிலும் தேதியோடு தன் கையெழுத்து இருந்த அட்டைகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினாள். அவர் சும்மா இருக்கவில்லை. நாலு இடத்துக்கு எழுதினார். நிர்வாகம் விசாரணை வைத்தது. கட்டுரை அவள் பெயருக்கு மாறியது. விற்காமல் இருந்த பிரதிகளில் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு பக்கம் ஒட்டினார்கள். மாப்பிள்ளையின் வேலை போகவில்லை. எதிர்பார்த்த பதவி மட்டும் வேறு ஒருவருக்குப் போனது. பாக்கியிருந்த இரண்டு பத்தியை அவள் எழுதி முடித்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு அலுவலகத்துக்குப் போகவில்லை. வேலை அவள் வீட்டுக்கே வந்தது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், தங்கை வந்து வாசலில் நின்றாள். ஆள் மெலிந்திருந்தாள். பையில் அக்காவுக்குப் பிடித்த பேரிக்காய் வாங்கி வந்திருந்தாள். எப்போதும்போல "என்னடி, வழி மறந்து போச்சா?" என்று அக்கா ஒரு வார்த்தை அதட்டினால் போதும், காலைக் கட்டிக்கொண்டு அழத் தயாராக நின்றாள்.

அட்டையக்கா கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?"