பதினொன்று ஐம்பத்தொன்பது

மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டான் சேனாபதி. 14:40 என்று அடித்து என்டரைத் தட்டினால் திரையில் சிவப்பு வரி வந்து நின்றது: நேரம் தவறு, மறுபடி பதியவும். அந்தச் சிவப்பு வரியை எழுதியவனே அவன்தான்.

1998-இல் டாலஸுக்கு, ஒரு ரயில் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வந்தவன். ரயில் ஓட்டுகிறவர்கள் இறங்கியதும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று கணினியில் பதிய வேண்டும். அது வாஷிங்டனுக்குப் போகும். ஒரு ஆளை இத்தனை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்ட விடக் கூடாது என்று, ரயில் முதலாளிகளின் கொட்டத்தை அடக்க 1907-இல் அரசாங்கம் போட்ட சட்டம். அன்று உச்சவரம்பு பதினாறு மணி நேரம், இப்போது பன்னிரண்டு. ஈரோட்டில் பரீட்சைக்குப் படித்ததுபோல் வரி விடாமல் அந்தச் சட்டத்தைப் படித்தான் சேனாபதி. கூடாது என்றால் நடக்காது என்று எடுத்துக்கொண்டான், அப்பாவி. பன்னிரண்டுக்கு மேல் யாராவது அடித்தால் கை தவறியதாகத்தான் இருக்கும் என்று, புரோகிராம் அதை ஏற்காதபடி இரண்டு வரி சேர்த்தான். யாரும் கேட்காமல், சொந்தப் புத்தியில் செய்தது.

பதினாலு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கண் எரிய வந்தவர்கள், வீட்டுக்குப் போனால் போதும் என்று அது ஏற்கிற நேரத்தை அடித்தார்கள். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் குறைவாக, 11:59. நான்கு மாதத்தில் பக்கம் பக்கமாக 11:59. பட்டியலைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு ராமசுப்ரமணியனிடம் ஓடினான். பிராஜெக்ட் லீட், இவனுடைய க்ரீன் கார்டு பேப்பரில் கையெழுத்து வாங்கித் தர வேண்டியவர்.

"ரிப்போர்ட் க்ளீனா இருக்குன்னு மேல பாராட்டறாங்க. தொடாதே" என்றார்.

அவன் தொடவில்லை. வெட்கம்கெட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

நேற்று விடியற்காலை வாரன் என்கிற டிரைவர், பதினாலு மணி நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு, தூக்கத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிச் செத்தார். செத்தவர் வந்து நேரம் பதிய முடியுமா? அவர் பெயருக்கு எதிரே கட்டம் காலியாகக் கிடந்தது.

"கவர்ன்மென்ட் ஆளுங்க பத்து மணிக்கு வர்றாங்க" என்றார் ராமசுப்ரமணியன், நாற்காலிக்குப் பின்னால் நின்று. "அதை க்ளோஸ் பண்ணிடு."

"என்ன டைம் போடறது சார்?"

"அது எதை எடுத்துக்குதோ அதைப் போடு."

சேனாபதி திரும்பவில்லை. "அந்த ரெண்டு வரிய எடுத்துட்டா உண்மையான டைமையே போட்டுடலாம் சார்."

அவர் கையிலிருந்த காபியைக் குடிக்கவில்லை. "உன் ஒய்ஃப் டாக்டருக்குப் படிச்சிட்டு, க்ரீன் கார்டு இல்லாம வேலைக்குப் போக முடியாம வீட்ல இருக்காங்க. உன் பேப்பர் இந்த வாரம்தான் கையெழுத்துக்குப் போகுது."

"மெரட்டறீங்களா?"

"ஞாபகப்படுத்தறேன்."

மேசை போன் அடித்தது. கீழே இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். "ரெண்டு நிமிஷம் பேச்சுக் குடுக்கறேன். அதுக்குள்ள முடி" என்று அவர் போனார்.

மனைவி கலாவதி காலையில் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் மேசையில் இருந்தது. டாக்டர் கோட்டை அவள் இன்னும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். வாரனை அவன் பார்த்ததில்லை. ஒன்பது இலக்க ஊழியர் எண்ணாக மட்டும் தெரியும். அதற்கு எதிரே முப்பத்தொரு 11:59. எல்லாம் அவர் கையால் அடித்தவை. முப்பத்திரண்டாவதை இவன் கை அடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு வரியை அழித்துவிட்டு 14:40 அடிக்க வேண்டும்; அழிக்க ஒரு நிமிடம் போதும்.

வெளியே லிஃப்ட் திறக்கும் மணி கேட்டது. சேனாபதி விரலை வைத்து 1 என்று அடித்தான். இரண்டு நேரத்துக்கும் முதல் எண் அதுதான். அதன் பக்கத்தில் கர்சர் மின்னி மறைந்துகொண்டிருந்தது.