நாளைக்கு என்ன குழம்பு என்று யோசிக்கும் கட்டில்

அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் கட்டில்கள்தான் யோசிக்கும். படுத்திருப்பவருக்கு அந்த யோசனை முதுகு வழியாக ஏறும். உடம்புக்கு முடியாத மனுசனை யோசிக்கவும் சொல்லிக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று அந்தக் காலத்தில் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் செய்துவைத்த ஏற்பாடு. வல்லி அதைக் கேள்விப்பட்டபோது, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் சுடலைமுத்துவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, கதவோரக் கட்டில் கிடைத்திருந்தது. கட்டிலுக்கு எதிரே சுவர். சுவரில் பாதி உயரம் வரை பச்சை பெயிண்ட். அதற்கு மேல் வெறும் சிமெண்டு. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் பாதியில் 'போதும்' என்று இறங்கிப் போயிருந்தார்கள். வருஷக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டு கிடந்த கட்டில் வேறு எதை யோசிக்கும்? அதுவும் 'போதும்' என்றே யோசித்தது.

கஞ்சியை ஒரு வாய் ஊட்டினால் சுடலைமுத்து "போதும்" என்பான். தண்ணீர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாலும் "போதும்." அதில் கோபமோ சலிப்போ இல்லை. கல்யாணப் பந்தியில் இலையை மூடுகிறவர் முகம்போல அவன் முகம் நிறைவாக இருந்தது. தையலும் நன்றாக ஆறியிருந்தது. டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"என் வேலை முடிஞ்சுதும்மா. இனி உள்ள ஏதாவது போனாத்தான் ஆளு பிழைப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அந்தக் கட்டில் யாரோ ஒரு மச்சானை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தது. அதில் படுத்திருந்தவருக்கு மச்சானே கிடையாது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரக் கட்டிலின் கதை வேறு. அதற்கு வெளியே ஒரு முருங்கை மரம் நின்றது. மரத்துக்கு அப்பால் கேன்டீன் அடுப்படி. காற்று திரும்பும்போதெல்லாம் தாளிக்கிற வாசம் உள்ளே வரும். அந்தக் கட்டில் காலையில் தொடங்கி 'நாளைக்கு என்ன குழம்பு?' என்று யோசித்துக்கொண்டே இருந்தது. நாளை வரும் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. குழம்பு எது என்பதுதான் அதன் கவலையெல்லாம்.

கணவனை அங்கே மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று வல்லிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டுமே. பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் வெயிலில் திரும்பி நடந்து வருகிறவள் அவள்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு எஸ்தர் சிஸ்டரிடம் போனாள்.

"என்னம்மா, உக்காந்து சொல்லுங்க" என்று சிஸ்டர் ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

வார்டில் துணைக்கு இருப்பவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரே ஸ்டூல்தான். அதன் மூன்று கால்கள் தேக்கு, ஒரு கால் மட்டும் மாமரம். கால் உடைந்து விறகுக்குப் போக இருந்ததை யாரோ எடுத்து, வேறொரு கால் பொருத்திப் பிழைக்க வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஸ்டூலுக்கு நன்றியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. உட்காருகிறவருக்கும் அதுவே ஏறும். அந்த ஆஸ்பத்திரியின் மேல் யாரும் ஒரு புகார்கூடச் சொன்னதில்லை என்றால் அதற்கு அந்த ஸ்டூலே காரணம்.

வல்லி உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், நீங்க ஊசி போட்டா அவருக்கு வலிக்கவே இல்லையாம். ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றாள். பாதிச் சுவருக்காவது பெயிண்ட் அடித்ததற்கு நன்றி சொன்னாள். கொசுவலையில் ஓட்டைகள் சின்னதாக இருப்பதற்கும் நன்றி சொன்னாள். எழுந்து வந்து கணவன் பக்கத்தில் நின்ற பிறகுதான், கேட்கப் போனதைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. மறுபடி போனாள். அந்தத் தடவை சிஸ்டரின் அம்மா அப்பாவுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சுடலைமுத்து மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை இழுப்பதற்குள் கொஞ்சம் தயங்கினான். பந்தியில் இன்னொரு கரண்டி கேட்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறவன் மாதிரி.

இனி உட்காருவதில்லை என்று வல்லி முடிவு செய்தாள். நின்றபடியே போய்க் கேட்டாள்.

"சிஸ்டர், அவர் கட்டில ஜன்னலப் பாத்துத் திருப்பிப் போடக் கூடாதா?"

"திருப்பலாம்மா. ஆனா பாத்துப் பாத்து அதுக்கு மனசு மாற வருஷமாகும். உங்க வீட்டுக்காரர் அதுவரைக்கும் தாங்குவாரா?" சிஸ்டர் சிரிஞ்சை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். "மாஸ்டர்ட்ட கேளுங்க. அவரு இடம் மாறச் சம்மதிச்சா எனக்கு ஒண்ணுமில்ல."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் ஞானதிரவியம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா மாஸ்டர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, முருங்கை மரத்தைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க."

"இல்லண்ணாச்சி, நிக்கேன். இந்தக் கட்டில என் வீட்டுக்காரருக்குத் தரணும். அங்க கெடந்தா அவரு பிழைக்க மாட்டாரு."

தன் குரலா அது என்று வல்லிக்கே தெரியவில்லை. மாஸ்டர் கட்டில் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"வேற எதையும் கேளுங்க தங்கச்சி, இத மட்டும் கேக்காதீங்க. கல்லுச் சூட்டுலயும் சால்னா வாசத்துலயும் வெந்தவன் நானு. வீட்ல சோத்த வச்சா, அந்த வாசம் மூக்குல நிக்கும். பாதியில எந்திரிச்சிருவேன். இப்பத்தான், இதுல படுத்த பொறவுதான், புளிக்குழம்பா மீன்குழம்பான்னு ஆசையா யோசிக்கேன். நேத்து என் பொண்டாட்டிட்ட அதச் சொன்னேன். பாவம், அழுதுட்டா."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வல்லி நகரவில்லை. முழங்கால் வலித்தது. உட்கார்ந்தால் மறுத்ததற்கும் நன்றி சொல்லிவிடுவோம் என்று பயந்து நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது எஸ்தர் சிஸ்டர் வெளுத்த விரிப்புகளோடு வந்தார்.

"மாஸ்டர், விரிப்பு மாத்தணும். செத்த எந்திரிச்சு உக்காருங்க."

வல்லி ஸ்டூலை எடுத்துவந்து போட்டாள். அதில் தந்திரம் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் ஆனவரை நிற்க வைக்க முடியாது. வார்டில் வேறு ஸ்டூலும் கிடையாது.

மாஸ்டர் அவள் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். சிஸ்டர் விரிப்பை உதறினார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தலையணையில் தன் தலை அழுத்தியிருந்த பள்ளத்தைப் பார்த்தார். கண் கலங்கியது.

"சும்மா சொல்லக் கூடாது. எனக்கு எம்புட்டோ தந்திருக்கு இந்தக் கட்டிலு" என்றார். பிறகு, "ஏ தங்கச்சி, என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? மாப்ளைய இங்கிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சுடலைமுத்துவை ஜன்னலோரம் கிடத்தினார்கள். மாஸ்டர் கதவோரக் கட்டிலில் போய்ப் படுத்தார். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை அங்கே தள்ளிவிட்டோமோ என்று வல்லி அவர் முகத்தையே பார்த்தாள். மாஸ்டர் பாதிப் பச்சைச் சுவரை நன்றாகப் பார்த்தார்.

"போதும்" என்றார். "சிஸ்டர், ஆஸ்பத்திரி போதும். நாளைக்கு நான் வீட்டுக்குப் போறேன்."

மறுநாள் டாக்டரும் சரியென்றார். மாஸ்டரின் மனைவி தூக்குவாளியோடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். "இங்கன தின்னது போதும்ட்டி. வீட்ல போய்த் திம்போம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

ஜன்னலோரக் கட்டில் ஆள் மாறியதைக் கவனிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தது.

"வல்லி" என்றான் சுடலைமுத்து.

"என்னங்க?"

"நாளைக்கு என்ன குழம்பு?"

வல்லி நின்றுகொண்டுதான் இருந்தாள். ஸ்டூல் வார்டின் அந்தக் கோடியில் கிடந்தது. ஆனாலும் நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. மாஸ்டருக்குச் சொல்வதா, விரிப்பை அந்த நேரத்தில் வெளுத்துக் கொடுத்தவருக்கா, மாமரக் கால் பொருத்திய முகம் தெரியாத தச்சருக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கஞ்சி வாங்கப் போனாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எஸ்தர் சிஸ்டர் கேட்டார்: "உங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய என்னம்மா இருக்கு?"

"பக்கத்து வீட்டுச் சுவரு சிஸ்டர்."

"முழுசாப் பூசுன சுவரா?"

வல்லி யோசித்துப் பார்த்தாள். "பாதிதான் பூசியிருக்காங்க."

சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தை ஒரு தடவை பார்த்தார். மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் சுடலைமுத்து ஜன்னலடியில் பாய் விரித்துப் படுத்தான். மத்தியானம் ரசச்சோறு கொஞ்சம் உள்ளே போனது. அதற்கு மேல் தட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அவன் வாய் திறக்கப் போவதைக் கண்டு வல்லி அவசரமாகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சொல்லை அவள் கேட்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் கோலம் போட வெளியே வந்தாள். ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஆஸ்பத்திரி முருங்கை மரம் நின்றுகொண்டிருந்தது. ஒரு கிளையில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

வல்லி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேரில் ஊற்றினாள்.

"பஸ்ல உக்கார இடம் கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"எங்க? நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்றது மரம். "இறங்கணும்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வந்தேன்."

"ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு இப்ப யாரு?"

"என் மகள நிறுத்திட்டு வந்திருக்கேன். சிஸ்டருக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து சுடலைமுத்துவின் குரல் கேட்டது. "வல்லி, இன்னைக்கு என்ன குழம்பு?"

வல்லி நிமிர்ந்து பார்த்தாள். காய்கள் கைக்கெட்டும் உயரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வீடு தேடி வந்தவர்களிடம் கை நீட்டுவது மரியாதையில்லை. செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கக் கிளம்பினாள்.