அரைப்புள்ளிக் கடிதம்

பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், தட்டச்சு செய்யும்போது விசைகளைப் பார்க்கமாட்டார். கணினித் திரையையும் பார்க்கமாட்டார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். பிழை இருக்காது. அந்த விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. அது நியாயமான கர்வம்.

மருமகள் கம்பியில்லாத சின்னக் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்த அன்று, அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பாதியைக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"முழுசாத்தான் இருக்கு மாமா. ஓரத்துல இருக்கிற நம்பர் பக்கம் மட்டும் கிடையாது. மேசையில எவ்வளவு இடம் மிச்சம் பாருங்க."

இடது கை, தமிழ்த் தட்டச்சின் நடு வரிசையில் 'யளனகப' என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கீபோர்டைக் கூடத்து டிவியோடும் மருமகள் இணைத்திருந்தாள். மேல் வரிசையில் ஒரு விசையை அழுத்தினால் அவருடைய கம்ப்யூட்டர், அதற்கு வலப்பக்கத்து விசையை அழுத்தினால் டிவி. "எனக்கு ஒண்ணு போதும்" என்று சொல்லி அந்தப் பாடத்தை அவர் அங்கேயே முடித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகளைத் தங்கள் பையனுக்குப் பேசி முடிக்கப் பையன் வீட்டார் வந்தார்கள். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தே முக்காலிலிருந்து பெரியவர் சலவைச் சட்டையில் வாசலில் நின்றார். அவர்கள் வந்தபோது மணி பன்னிரண்டேகால். ஒரு போன் கூட இல்லை. பையனின் அம்மா காரிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்தவர், கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. இரண்டு பேச்சுக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "தம்பிக்கு ஒரு கடிதம் எழுதணும், இதோ வந்துடறேன்" என்று எழுந்து தன் அறைக்குப் போனார். அது சாக்குப்போக்கு அல்ல. வெளியூரில் இருக்கும் தம்பிக்கு எழுதிப் பதில் வராமல் அந்த வீட்டில் எந்த நல்ல காரியமும் முடிவானதில்லை. தம்பியும் அன்று மின்னஞ்சலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அடிக்க உட்காரும் முன் இயந்திரத்தைத் துடைப்பது அவருடைய வேலைக்காலத்துப் பழக்கம். மஞ்சள் துணியால் மேல் வரிசையை இடமிருந்து வலமாக அழுத்தித் துடைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி அடித்தார்.

'அன்புள்ள தம்பிக்கு. வந்தவர்கள் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். தகவல் சொல்லும் நாகரிகம் கூட இல்லை. பையனின் தாயார் திறந்த வாயை மூடுவதில்லை. நம் வீட்டு வாசலில் நின்று இப்படிச் சிரித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. இவர்கள் நம் தரத்துக்கு ஏற்றவர்கள் அல்ல. பெண் இந்தப் பையன்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாளே என்று பார்க்கிறேன்.'

மனபாரம் கொஞ்சம் இறங்கியது. திரைக்குத் திரும்பினார். திரை வெறுமையாக இருந்தது. ஓர் எழுத்து கூட இல்லை.

அதே நேரம், கூடத்தில் பேச்சு நின்று போயிருந்ததைக் கவனித்தார். பையனின் அப்பாவுடைய குரல் மட்டும் கேட்டது. "என்னம்மா, உங்க டிவி தானா ஏதோ எழுதுது?"

பெரியவர் கீபோர்டின் மேல் வரிசையையும் மஞ்சள் துணியையும் பார்த்தார். துணி போன வழியும் கடிதம் போன வழியும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டன. பெண்ணின் வாழ்க்கையையும் வீட்டின் மானத்தையும் தன் பத்து விரலாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபடி கூடத்துக்கு நடந்தார். அறையிலிருந்து கூடம் ஒன்பது அடிதான். அன்று அது ஒரு மைல்.

கல்யாண மண்டபத்துப் படங்களைத் தேடிக் காட்டுவதற்காக மருமகள் டிவியில் தேடும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, டீ எடுக்கப் போயிருந்தாள். அந்தப் பெட்டி நிறைய எழுத்து வழிந்தது. ஆனால் தமிழ் இல்லை. தமிழ்த் தட்டச்சு அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. டிவிக்குத் தெரிந்தது ஆங்கிலம் ஒன்றே. அடித்த தமிழ் விசைகளுக்கு நேரான, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், நடுநடுவே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி.

"யாரோ கீபோர்டு மேல உக்காந்துட்டாங்க போல" என்றார் பையனின் அப்பா.

"எங்க மாமா துடைச்சிருப்பார்" என்றாள் டீயோடு வந்த மருமகள். "தினம் அதைக் குளிப்பாட்டாத குறைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்து யாரும் சிரிப்பதைப் பொறுக்காதவர், அன்று அந்தச் சிரிப்பைப் பன்னீர் தெளித்ததுபோல் வாங்கிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் பையனின் அம்மா சிரிக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன.

"அழிக்காதம்மா, ஒரு நிமிஷம்" என்றார் மருமகளிடம்.

"அவ கோர்ட்ல டைப்பிஸ்டா இருந்தவ" என்றார் கணவர் பெருமையாக. "இங்கிலீஷ், தமிழ் ரெண்டும். கீபோர்டைக் கண்டா விடமாட்டா."

திரும்பி வந்த உயிர் மறுபடி வாசல்வரை போய்விட்டது. அந்த அம்மா கடைசி எழுத்துவரை விரலால் படித்து முடித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. துணிதான் அடிச்சிருக்கு." மருமகளிடம் திரும்பி, "அழிச்சிடும்மா" என்றார். பிறகு எழுந்தார். "சம்பந்தி, உங்க சின்னக் கீபோர்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

அறைக்குள் வந்ததும் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முப்பது வருடம் பிறர் எழுதியதைத் திருத்தியவருக்கு, மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் மட்டும் எங்கே தொடங்கும் என்று தெரியவில்லை.

"லேட்டா வந்தது தப்புதான்" என்று அந்த அம்மாவே ஆரம்பித்தார். "போன் பண்ணாதது அதைவிடத் தப்பு. உங்க பொண்ணு முன்னாடியே சொல்லியிருந்தா, அப்பா எல்லாத்தையும் கவனிப்பார்னு. நான் நாலு புடவை மாத்தினேன். பயத்துல கைகால் ஓடல. பயந்தா எனக்கு வாய் ஓயாது, சிரிப்பும் நிக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்."

"பயமா? என்னைப் பார்த்தா?"

"பின்ன? எங்க ஜட்ஜ் கூட உங்களை மாதிரி உக்காரமாட்டார்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிப் பார்த்தார், முடியவில்லை.

"வீட்ல மத்தவங்களுக்கு..." என்று இழுத்தார்.

"கோர்ட்ல இருபத்தெட்டு வருஷம் அடிச்சேன். எத்தனை குடும்பத்துக் கதை இந்த விரல் வழியாப் போயிருக்கு. ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்ல."

மார்பிலிருந்து ஒரு பாறையைப் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது அவருக்கு. வீட்டு மானத்தைக் காக்கத் தன்னைத் தவிர ஆளில்லை என்று இத்தனை காலம் இருந்தவர் அவர். இப்போது அது இன்னொருவர் கையிலும் பத்திரமாக இருந்தது.

நாற்காலியை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "தம்பி காத்துக்கிட்டிருப்பான். நான் சொல்றேன், நீங்க அடிக்கிறீங்களா?"

அந்த அம்மா உட்கார்ந்து, கணினிக்கான விசையை அழுத்திவிட்டு விரல்களை வைத்தார். பெரியவர் நின்றபடி சொன்னார்.

"அன்புள்ள தம்பிக்கு. வந்தவர்கள் தாமதமாக வந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு, காரணம் நல்லது. உன் அண்ணன் இன்று அவசரப்பட்டு, அவர்களைப் பற்றித் தவறாக எழுதிவிட்டான். அதற்காக வருந்துகிறான்."

விசைச் சத்தம் நின்றது. "இந்த வரி வேணுமா சம்பந்தி? அவருக்குத்தான் ஒண்ணும் போய்ச் சேரலையே."

"அடிங்க. அது தம்பிக்கு இல்ல."

அந்த அம்மா குனிந்து அடித்தார்.

"நல்ல குடும்பம். முடித்துவிடலாம். உன் சம்மதத்தை எதிர்பார்க்கிறேன்." சொல்லி முடித்துப் பெரியவர் மூச்சை விட்டார்.

"அனுப்பவா?"

"அனுப்புங்க" என்றவர், கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அம்மாடி, எங்க ரெண்டு பேருக்கும் டீயை இங்க கொண்டு வந்துடு. தம்பிகிட்டேயிருந்து பதில் வர்றவரைக்கும் பேசிட்டிருக்கோம்."