ஜெபிஷின் கொழுப்பு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு மாத இதழின் மருத்துவச் சிறப்பிதழுக்காக, உடலில் இருக்கும் கொழுப்புக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் மருத்துவன் அல்ல. படித்ததைப் பிறருக்கு விளங்கும்படி எழுதத் தெரியும், நன்றாகவே தெரியும். முதல் பத்தி இப்படிப் போயிற்று:

மூளையிலிருந்து நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். ஒவ்வொரு நரம்பணுவையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு

அங்கேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த இரணியல் அஜிஷாவின் ஞாபகம் வந்து குறுக்கே நின்றதுதான் காரணம். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேறு.

2

அஜிஷாவின் கணவன் ஜெபிஷுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்கு மேலேயே காயைச் சீவிப் போடுவான். ஆளோடு பேசிக்கொண்டே, விரலைப் பார்க்காமலே.

(முதல் வரைவில் அஜிஷாவை நர்ஸ் ஆக்கியிருந்தேன். அறிவியலை அவள் வாயில் வைத்துவிடலாமே என்ற சோம்பேறித்தனம். அவள் தக்கலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். திருத்திவிட்டேன்.)

ஜூன் மழை பிடித்த ஒரு காலையில் ஜெபிஷ் கடை திறக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. எண்ணெய் வாடை குமட்டுகிறது என்றான். பிறகு அதுவும் சொல்வதில்லை. குளிக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தான். அவனுடைய அண்ணன் சுபின் வந்து பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இவனுக்கு ஒரு சூக்கேடும் இல்ல. கொழுப்பாக்கும்."

(சூக்கேடு என்றால் எங்கள் பக்கம் நோய். கொழுப்பு என்ற சொல்லுக்குத்தான் தமிழில் இரண்டு வேலை. உடம்பில் இருந்தால் ஒன்று, நடத்தையில் இருந்தால் இன்னொன்று. இந்தச் சிலேடையை வைத்தே கதையை முடித்துவிடலாம் என்று ஒரு வாரம் ஆசைப்பட்டேன். படுத்துக் கிடக்கிற மனிதனுக்கு அதனால் என்ன பயன்?)

3

மூளை பெரும்பாலும் கொழுப்புதான், மீன்கொழுப்பு மனச்சோர்வுக்கு நல்லது என்று அஜிஷா செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். அன்று முதல் தினமும் சாளை மீன். புளி ஊற்றிக் குழம்பு, மிளகு தடவிப் பொரியல், தேங்காய் அரைத்து அவியல்.

"தின்னுங்க. மூளைக்குள்ளதாக்கும்."

அவன் சொன்னபடி தின்றான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரி.

என் கட்டுரைக்கு இந்த இடத்தில் நல்ல முடிவு தயாராக இருந்தது. மீனெண்ணெய் கொஞ்சம் உதவியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, உதவவில்லை என்று வேறு சில. மனச்சோர்வு உள்ளவர்களில் சிலருடைய ரத்தத்தில் கொழுப்புகளின் அளவு மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நோய் கொழுப்பை மாற்றியதா, கொழுப்பு நோயைக் கொண்டுவந்ததா என்பது இன்னும் தெளிவாகவில்லை. நேர்மையான வரிகள். கட்டுரை இத்துடன் முடியும்.

ஜெபிஷ் இன்னும் படுத்துத்தான் கிடக்கிறான்.

4

அடுத்த காட்சியை மூன்று விதமாக எழுதினேன். முதலாவதில் மீன் தின்று சிரிக்கிறான்; பொய். இரண்டாவது, ஒரு நாள் மாலை ஜெபிஷ் யாரிடமும் சொல்லாமல்

வேண்டாம். நடந்தது மூன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அஜிஷா கோயிலுக்குப் போய்விட்டு வந்து சோறு விளம்பினாள். ஜெபிஷ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி எனக்கு மீனு வாங்காண்டாம் அஜிஷா. வெறுதே, ஒரு பிரயோசனமும் இல்ல."

"அதென்ன வெறுதே?"

"நான் இருந்து இப்பம் என்ன செய்ய?"

அவள் கை அப்படியே நின்றதாம். பல வாரமாக ஒரு கேள்விக்குப் பயந்து, அதன் இடத்தில் மீனை வைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது என்றாள். கையைத் துடைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"செத்துப் போவலாம்னு தோணுதா ஒங்களுக்கு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"தோணுது."

"எக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீ ஆசையாட்டு பொரிச்சுக் கொண்டு வைக்க. நான் எப்பிடிட்டி சொல்லுவேன்?"

இரண்டு பேரும் அழுதார்கள். அவள் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து சுபினுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், காரு எடுத்துட்டு வாங்க. ஆசுவத்திரிக்குப் போணும். இப்பமே."

அவள் குரலைக் கேட்டு சுபின் காரணம்கூடக் கேட்கவில்லை.

5

நாகர்கோவிலில் அன்று பார்த்தவர் மனநல மருத்துவர் சுபிதா. ஜெபிஷிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு மற்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அஜிஷா முதலில் கேட்டது:

"மூளையில கொழுப்பு கொறஞ்சு போச்சா டாக்டர்?"

"கொழுப்புக்கும் இதுல பங்கு இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கு. ஆனா ரத்தத்த எடுத்துப் பாத்து இவரு துக்கத்த அளக்க இன்னும் யாராலயும் முடியாது. மாத்திர தாறேன். பேசதுக்கும் வரணும். கொஞ்ச நாளு இவர தனியா விடாண்டாம்."

"சாளை?"

"தாராளமா குடுங்க, நல்ல மீனு. மருந்துன்னு குடுக்காண்டாம், சோறுன்னு குடுங்க."

அதுவரை தலை நிமிராத ஜெபிஷ் கேட்டான்.

"எனக்கு மடியா டாக்டர், வெறும் சோம்பேறித்தனமா?"

"இல்ல. சூக்கேடு."

கதவோரம் நின்ற சுபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை அஜிஷா பார்த்தாள்.

6

ஓண வியாபாரம் தொடங்கும்போது கடை திறந்தது. முதல் சில நாள் சுபின்தான் காய் சீவினார், தடிதடியாக. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெபிஷ் ஒரு காலையில் பொறுக்க முடியாமல் எழுந்து, "இஞ்ச தா அண்ணே" என்று வாங்கிக்கொண்டான்.

எது தூக்கிவிட்டது? மாத்திரையா, பேச்சா, மழை விட்டதா, மீனுக்கும் ஒரு பங்கு உண்டா? கட்டுரை எழுதியிருந்தால் விகிதம் பிரித்துக் கொடுத்திருப்பேன். கதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்ற தைரியத்தில், "ஜெபிஷ் முழுதாகக் குணமடைந்தான்" என்று கடைசி வரியை எழுதி, போனில் அஜிஷாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்த வரிய வெட்டுங்க அண்ணே."

"ஏன்? இப்பம் நல்லாத்தானே இருக்காரு?"

"இருக்காரு. ஆனா நீங்க அப்பிடி எழுதிப்போட்டா நான் அவருகிட்ட கேக்கத விட்டுருவேன். எனக்கு கேட்டுட்டே இருக்கணும்."

வெட்டிவிட்டேன். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் அதில் எதை எழுதினாலும் சரி, அஜிஷாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.