சிவப்பு டேப் ஒட்டிய கேபிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னையிலிருந்து சுரேஷ்கண்ணன் கூப்பிட்டார். சினிமாப் பாட்டுகளுக்கு ஒலிக்கலவை செய்கிறவர். என்னை அவர் 'சார்' என்பார். என் கடைக்கு வருகிற பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் அவர்கள் சரக்கைத் தலையில் கட்டுவதற்காகச் சொல்கிறவர்கள்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பாட்டின் நடுவே நாற்பது நொடி எலெக்ட்ரிக் கிதார் வாசித்து ராயப்பன்பட்டியிலிருந்தே அனுப்பியிருந்தேன். நாற்பத்து மூன்று வயதில், பகலில் திராட்சைக்காரர்களுக்குச் சாம்பல் நோய் மருந்து விற்றுக்கொண்டு, மாதா கோயில் பாடகர் குழுவில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த முதல் சினிமா. இசையமைப்பாளருக்குப் பிடித்துவிட்டது. இப்போது நடுவில் நாலு பாருக்கு, அதாவது நாலு தாளச் சுற்றுக்கு மட்டும் ராகத்தை மாற்றிவிட்டாராம். அந்த நாலு பாரை மட்டும் புதிதாக வாசித்து மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும்.

"டோன் அப்படியே இருக்கணும் சார். ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது. சேரலைன்னா இங்க வேற ஒருத்தர் இருக்கார், அவரை வெச்சு முழுசாவே எடுத்துடுவோம்" என்றார் மரியாதையாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. டோன் எங்கே ஓடிவிடப் போகிறது? அது பெட்டிக்குள் இருக்கிறது. செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் இருநூறு ஆம்ப்ளிஃபயர்களின் குணத்தை எண்ணாக்கி அடைத்திருக்கிறார்கள். வேண்டியதைத் திருகி அமைத்து ஒரு நம்பரில் சேமித்தால், எப்போது அழுத்தினாலும் அதே சத்தம். நான் கோயில் பாட்டுப் புத்தகத்தின் நம்பர்படி சேமிப்பேன். பாடகர் குழுவை நடத்துவது என் மனைவி செலின். அவள் "நாற்பத்தேழு" என்றால் நாற்பத்தேழை அழுத்துவேன், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. சினிமா டோனை நூற்றுப் பன்னிரண்டில் வைத்திருந்தேன். எங்கள் கோயிலில் நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டை யாரும் பாடியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

நூற்றுப் பன்னிரண்டை அழுத்தி வாசித்தேன். அந்த டோன் வரவில்லை.

மறுபடி வாசித்தேன். பழைய வாசிப்பையும் புதியதையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். பழையது தொண்டை கட்டினவன் பாடுவதுபோல், கொஞ்சம் மூடின குரல், அடியில் ஒரு கனம். புதியது எவர்சில்வர் தட்டில் கரண்டி போட்டதுபோல் இருந்தது. அதே கிதார், அதே கம்பிகள், அதே நம்பர். ஒட்டிப் பார்த்தால் நாலு பார் மட்டும் பாட்டிலிருந்து துருத்திக்கொண்டு நின்றது.

பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை நான் செய்ததை வெளியே சொன்னால் வெட்கம். பெட்டிக்குள் ஒரு கற்பனை ஸ்பீக்கர் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு கற்பனை மைக். அந்தக் கற்பனை மைக்கைக் கால் அங்குலம் இடது பக்கம் நகர்த்தினேன். அரை அங்குலம் பின்னால் நகர்த்தினேன். இல்லாத மைக்கை இல்லாத ஸ்பீக்கர் முன்னால் நகர்த்திக்கொண்டு, நிஜமாக வியர்த்துக்கொண்டிருந்தேன். மேல் சத்தத்தைக் குறைத்தால் மந்தமாகிறது, கூட்டினால் கரண்டி விழுகிறது. கிட்டே வந்தது, அதுவாகவில்லை.

பாடகர் குழுவில் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிச் செலினிடம் சண்டைக்குப் போனேன். அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டை யாரும் தொடவில்லை, அதன் மேல் அவ்வளவு பயம் இருந்தால் பூட்டுப் போட்டு வைப்பதுதானே என்றாள். பிறகு எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க இப்படி உக்காந்து வாசிக்கலையே. கூடத்துல இருந்து இந்த அடுப்படி வாசல் வரைக்கும் நடந்து நடந்துல்ல வாசிச்சீக. தண்ணிக்குடத்தக்கூட இடறுனீக."

குனிந்து என் கிதாரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளைப் பார்த்தேன். மூன்று மீட்டர். முனையில் தங்கமுலாம். இதை வைத்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை நடக்கவே முடியாது.

அன்றைக்கு என் பழைய கேபிள் அறுந்துபோயிருந்தது. உத்தமபாளையத்தில் மைக் செட் வைத்திருக்கும் முஜிபுர் ரஹ்மானிடம் ஒன்று இரவல் வாங்கி வந்து வாசித்தேன். இருபது மீட்டர், முனையில் சிவப்பு டேப். அவ்வளவு நீளக் கேபிள் கிதாரின் மேல் சத்தத்தைத் தின்றுவிடும்; பெட்டிக்குள் நுழைவதற்கு முன்பே குரல் கம்மிவிடும். பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான், ஆனால் தனக்கு வந்து சேராததை அது எப்படி எண்ணாக்கும்? இது எனக்குத் தெரியும். பாடகர் குழுவில் இரண்டு பேருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். தெரிந்தும், மூன்று வாரமாக என் டோன் என்று நான் பீற்றிக்கொண்டது முஜிபின் கேபிளை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கேபிளைத் திருப்பிக் கொடுத்த அன்று டீக்கடையில் நாலு பேர் முன்னால், "இது கேபிளா, மாடு கட்டுற கயிறா?" என்று கேட்டுவிட்டு, புதிதாக ஆர்டர் போட்டிருந்த தங்கமுலாம் கேபிளின் படத்தை அவனிடமே காட்டியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். முஜிப் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், வெட்டிவிட்டான். அவன் மனைவி ரெஹானாவைப் பிடித்தேன். "கம்பத்துல நிக்காஹ்ணே. மைக் செட்டுப் போட்டுக்கிட்டு மஹால்ல இருக்காக" என்றாள்.

மணி பன்னிரண்டே முக்கால். கேபிளை வாங்கிக்கொண்டு திரும்பி வர நேரம் போதுமா என்ற யோசனையில், எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டி, லேப்டாப், எல்லாவற்றையும் பையில் போட்டேன். கிதாரைப் பிடித்துக்கொள்ளச் செலின் பைக்கில் பின்னால் ஏறினாள். கம்பம் போகிற வழியெல்லாம் நான் மன்னிப்பு வாசகம் தயாரித்துக்கொண்டு வந்தேன். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் மூன்று வாசகம் ஆகிவிட்டது, மூன்றிலும் தப்பு எப்படியோ அவன் மேல்தான் வந்து முடிந்தது.

மஹாலில் நிக்காஹ் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு மைக். அதிலிருந்து சிவப்பு டேப் ஒட்டிய கேபிள் தரையோடு ஓடி, மூலையில் முஜிபின் ஆம்ப்ளிஃபயரில் முடிந்தது. என்னைப் பார்த்ததும் அவன் ஆம்ப்ளிஃபயர் திருகுகளில் ரொம்ப மும்முரமானான்.

"என்ன, கேபிள் கேட்டு வந்தியா, கயிறு கேட்டு வந்தியா?"

தயாரித்த மூன்று வாசகமும் மறந்துபோயின. "கயிறுதான். எங்கிட்ட இருக்கிற கேபிள்தான் உதவல" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். விஷயத்தைச் சொன்னேன். மூன்று மணி, சென்னை, இன்னொரு கிதார்க்காரர். அவன் மேடையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்று நாற்பது.

"ரெண்டரைக்குப் பொண்ண அனுப்புறாக. துஆ ஓத மைக்கு வேணும். மத்த ஒயர் பூராம் வெளிய ஸ்பீக்கர் பாக்ஸுல மாட்டிக் கெடக்கு. இத நீ வீட்டுக்குக் கொண்டுபோயி எப்புடி வாசிக்க?"

"இங்கனயே வாசிச்சுர்றேன்."

"பந்திக்கு நடுவுலயா?"

அது மட்டும்தான் இந்தப் பெட்டியின் புண்ணியம். ஸ்பீக்கரும் கிடையாது, மைக்கும் கிடையாது. எல்லாம் கம்பி வழியாக நேரே லேப்டாப்புக்குள் போகும். முந்நூறு பேர் பிரியாணி சாப்பிட்டாலும் ஒரு தட்டுச் சத்தம் உள்ளே விழாது. முஜிப் மேடையில் ஏறி மைக்கைக் கழற்றினான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனையை என் பெட்டியில் செருகினான். நீளம் முழுவதும் தரையில் கிடந்தபடியே இருக்கட்டும் என்றான். நான் மேடையோரத்தில் உட்கார்ந்து மறுமுனையைக் கிதாரில் செருகி, ஹெட்போனை மாட்டி, நூற்றுப் பன்னிரண்டை அழுத்தி ஒரு தந்தியைத் தட்டினேன்.

தொண்டை கட்டினவன் திரும்பி வந்திருந்தான். கூடவே ஒரு 'ஊங்'.

மேடையில் நானூறு சீரியல் பல்பு. கிதார் அத்தனையின் மின்சார இரைச்சலையும் வாங்கி முனகியது. நேரம் இரண்டு ஐந்து. விளக்கை அணைக்கச் சொன்னேன்.

"கல்யாண மேடையில லைட்ட அணைக்கவா? என்னையக் கொன்னுருவாக."

"நாலு பாரு. பத்து செகண்டு."

அணைத்தான். பந்தியில் தலைகள் திரும்பின. முனகல் அடங்கியது. முதல் தடவை இரண்டாவது பாரில் தப்பு. இரண்டாவது தடவை சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஹெட்போனுக்கு வெளியே ஒரு வெள்ளை ஜிப்பா என் முன்னால் வந்து நின்றது. விட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா ஷேக் மைதீன். விளக்கு ஏன் போனது, மேடையில் உட்கார்ந்து கம்பி தடவும் இந்த ஆள் யார் என்று முஜிபைக் கேட்பது வாயசைவில் தெரிந்தது. முஜிப் தலையைச் சொறிந்தான். அவனுடைய அடுத்த கல்யாண ஆர்டர்கள் எல்லாம் இவர் வாயில்தான் இருக்கின்றன.

செலின் குறுக்கே போனாள். அவள் டீச்சர். மணப்பெண் பாஜிலா பள்ளிக்கூடத்தில் அவளிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஷேக் மைதீனைப் பேச்சோடு மணப்பெண் அறைப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்றாவது தடவைக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

விளக்கு எரிந்தது. வெட்டி, பழையதோடு சேர்த்து, போன் வழியாக அனுப்பினேன். இரண்டு இருபத்து மூன்று. மஹாலில் எல்லோரும் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் நாலு பார் எண்பது சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அது ஏறி முடிவதற்குள் முஜிப் கேபிளைப் பிடுங்கி மைக்கில் மாட்டிவிட்டான். துஆ ஆரம்பித்தது. எல்லோரும் கையேந்தினார்கள். செலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிலுவை போட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆமீன் சொல்லி முடித்த பிறகு பதில் வந்தது. 'சேருது சார். எங்க ஒட்டுச்சுன்னே தெரியல.'

முஜிபிடம் நீட்டினேன். படித்தான். இன்னொரு தடவை படித்தான். போனைத் திருப்பித் தந்துவிட்டு, மேடையிலிருந்து கேபிளைச் சுருட்டத் தொடங்கினான். நன்றிக்கடனாக மறுமுனையிலிருந்து நானும் கையில் சுற்றிக்கொண்டே போனேன். நடுவில் சந்தித்தபோது நான் சுற்றியிருந்த லட்சணத்தைப் பார்த்தான்.

"குடுறா இங்கன. மாட்ட அவுத்தாச்சுல்ல, போயி சாப்புடு. கடைசிப் பந்தி."

நான் சுற்றியது முழுவதையும் அவிழ்த்துத் தரையில் போட்டு, முறுக்கு விழாமல் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தான்.