கேட் மெம்பர் போன வழி

“மருத்துவமனையில்” என்ற சொல்லின் மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, “இது யார் எழுதினது தம்பி?” என்று கேட்டாள் அவள்.

மாவட்டச் செயலாளர் அச்சகத்திலிருந்து மை காயாமல் கொண்டுவந்திருந்த அஞ்சலிச் சுவரொட்டி அது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவர் படுத்திருக்க, அவர் தலைமாட்டிலேயே அதை விரித்துப் பிடித்திருந்தார். படம் பத்து வருடத்துக்கு முந்தையது. தலைமுடி கொஞ்சம் தாராளமாக இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் நேற்று மருத்துவமனையில் சிகிச்சை பலனின்றிக் காலமானார் என்று அதன் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“கட்சி ஆபீஸ்ல எழுதினது அண்ணி. வழக்கமா அப்படித்தான் போடறது.”

“அவர் மருத்துவமனை வாசலையே பாக்கலையே.”

செயலாளர் சுவரொட்டியை மெதுவாகச் சுருட்டினார். “எனக்குத் தெரியாதா? ஆனா ரயில்வே கேட்ல நின்னு செத்தாருன்னு எப்படிப் போடறது? நம்ம ஆட்சி. ரயில் இலாகாவே நம்ம ஆள் கையில இருக்கு. அவரே மூணரைக்கு மாலை போட வர்றாரு. வர்ற மனுஷன் மூஞ்சிக்கு நேரா அதைக் காட்டலாமா?”

அவள் முப்பத்தைந்து வருடம் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவள். அப்பா வழியில் வந்த கடை. கணவர் ஊர் வேலை பார்த்த காலமெல்லாம் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் கடையால்தான். எதிராளி பேசும்போது வாயை மூடிக்கொள்வது பாதி வியாபாரம் என்று அப்பா சொல்வார். வாயை மூடிக்கொண்டாள்.

“அமைச்சர் மாலை போட்டதும் பைபாஸ் வழியா மைதானத்துக்குக் கொண்டுபோயிடலாம்” என்றார் செயலாளர். “கேட் பக்கமே போக வேண்டாம். பதினாலு கிலோமீட்டர் சுத்துதான். ஆனா எங்கயும் நிக்க வேண்டியதில்ல.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளறையில் மகள் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதிகாலையில்தான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு, மறுபடி அழுவதற்குள் ஏதாவது செய்யலாம் என்று சட்டைகளை எடுத்திருப்பாள் போல.

“அம்மா, ரொம்ப நேரமா அங்க?”

எங்கே என்று அவள் கேட்கவில்லை. “இருபத்திரண்டு நிமிஷம்” என்றாள்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்குச் செய்தித்தாளை மடித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் சொன்னபடி வந்தது. வீட்டிலிருந்து கேட் மூன்று நிமிடம். கேட்டிலிருந்து மருத்துவமனை ஐந்து நிமிடம். நடுவில் கேட் மூடியிருந்தது. பைபாஸில் சுற்றிப் போவதற்குள் கேட்டே திறந்துவிடும் என்றார் ஓட்டுநர். அதுவும் நியாயம்தான், எல்லோரும் தினமும் அப்படித்தான் கணக்குப் போட்டு நிற்கிறார்கள்.

அவர் கண்ணைத் திறந்து, “எந்த வண்டி?” என்று கேட்டார்.

அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். “கூட்ஸ்.”

“கூட்ஸ்னா லேட்டாகும்” என்றார்.

அதுதான் கடைசிப் பேச்சு. மேடை மேடையாகப் பேசியவர். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பெட்டிகளை எண்ணினாள். ஒரு கையில் அவர் கை. முப்பத்தொன்று எண்ணும்போது அந்தக் கை கனத்தது. எண்ணிக்கை அதோடு நின்றது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

அந்த கேட்தான் அவரை ஆளாக்கியது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடுகள்; அந்தப் பக்கம் மருத்துவமனை, பள்ளிக்கூடம், சந்தை, சுடுகாடு எல்லாமே. கேட்டை ஒட்டிச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே, அடைபட்டு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். கேட் மூடினால் இவர் வாய் திறக்கும் என்று ஊர் கிண்டல் செய்தது. மற்ற வேட்பாளர்கள் கூட்டம் சேர்க்க லாரி அனுப்பினார்கள். இவருக்கு ரயில்வேயே சேர்த்துக் கொடுத்தது. அதுவும் பாதியில் எழுந்து போக முடியாத கூட்டம்.

பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பதினோரு ஓட்டில் வார்டு மெம்பரானார். ஆன பிறகுதான் தெரிந்தது, வார்டு மெம்பருக்குத் தெருவிளக்குக்கு மேல் கை எட்டாது. நகராட்சித் தலைவரானால்தான் முடியும் என்றார், ஆக்கினார்கள். ரோடு மாநிலத்துடையது, அங்கே போக வேண்டும் என்றார், சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய், ரோடுதான் நம்முடையது, தண்டவாளம் தலைநகரத்தில் இருப்பவனுடையது என்று கண்டுபிடித்தார், நாடாளுமன்றத்துக்கே அனுப்பிவைத்தார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர் வைத்த அடிக்கு அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது. இவர்தான் நகர்ந்து நகர்ந்து தலைநகரம் வரை போனார். அங்கே பின்வரிசையில் ஒரு நாற்காலி. பாலம் கேட்டுப் பதினான்கு கடிதம். பதினான்குக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில். எவ்வளவு உயரம் போனாலும் ஊருக்கு அவர் கேட் மெம்பர்தான்.

எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் மேடையில் கேட்டான்: “பாலம் வந்துட்டா இவருக்குப் பேச என்ன இருக்கு? அவரா கட்டுவாரு?” கூட்டம் சிரித்தது. அவளும் கடையிலிருந்து கேட்டுச் சிரித்தாள். அன்று சாப்பிடும்போது, விளையாட்டாகத்தான், “அவன் சொல்றது நிஜமா?” என்று கேட்டுவிட்டாள். அவர் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். கை கழுவினார். வெளியே போய்விட்டார். ஏழு வருடம் ஆயிற்று. அவளும் திரும்பக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி சொல்லப்போவதில்லை. அவருக்குப் பாலம் வேண்டியிருந்ததோ இல்லையோ, அவருக்காக அதை வாங்கியே தீருவது என்று நேற்று அந்த ஆம்புலன்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.

அலமாரி மேலிருந்த கைபேசியை எடுத்து கேட் கீப்பரைக் கூப்பிட்டாள்.

“சாயங்காலம் நாலு மணிக்கு மேல என்ன வண்டி இருக்கு?”

“நாலு பத்துக்கு கூட்ஸ் அம்மா. அதுக்குப் பின்னாடியே எக்ஸ்பிரஸ். ரெண்டும் போனாத்தான் தூக்க முடியும்.” அவர் குரல் இறங்கியது. “ஐயாவைக் கொண்டு வர்றீங்களா? அம்மா, யாரு வந்தாலும் என்னால திறக்க முடியாது. சிக்னல் விழுந்துட்டா பூட்டு எனக்கே திறக்காது. நேத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“திறக்கச் சொல்லலைய்யா. திறக்காம இரு. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

மகள் மடித்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

“வெளிய வா” என்றாள் அவள். “நான் என்ன சொன்னாலும் நடுவில பேசாத.”

வாங்க வந்த பாத்திரத்தை முதலில் கையில் எடுக்கக் கூடாது. கடைக்கு வருகிறவர்களில் கெட்டிக்காரி அண்டாவைத் தட்டுவாள், குடத்தைத் திருப்புவாள், விலை கேட்டு முகம் சுளிப்பாள். கிளம்பும்போது, போனால் போகிறது என்பதுபோல் ஓரத்தில் இருக்கும் கரண்டியைக் காட்டுவாள். அவள் வந்ததே கரண்டிக்குத்தான். கடைக்காரனுக்கு அது தெரிய அரை நாள் ஆகும்.

“தம்பி, அவர் மேல கட்சிக் கொடி போர்த்த வேண்டாம்” என்றாள்.

செயலாளருக்கு முகம் வெளுத்தது. “அண்ணி, என்ன இது? நாப்பது வருஷம் உழைச்ச மனுஷன்.”

“மைதானமும் வேண்டாம். நேரா சுடுகாட்டுக்குப் போயிடலாம். சுவரொட்டியும் வேண்டாம்.”

“மேடை போட்டாச்சு அண்ணி. அமைச்சர் பேசறாரு. நான் எல்லாருக்கும் என்ன பதில் சொல்வேன்?” தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். காலியான அந்த நாற்காலிக்கு இடைத்தேர்தல் வரும். அதில் உட்கார அவருக்கு ஆசை என்பது ஊருக்கே தெரியும். இன்றைக்கு எது பிசகினாலும் ஆசை அதோடு போச்சு.

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியையே பார்த்தாள். பிறகு, “சரி, கொடி போத்திக்கங்க” என்றாள்.

“ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லப்போய், இடம் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“மைதானமும் உங்க இஷ்டம். பேச்சு அரை மணிக்கு மேல போகக் கூடாது.”

“சத்தியமா.”

“சுவரொட்டி...” அவர் கையிலிருந்த சுருளை ஒருமுறை பார்த்தாள். “ஒட்டிக்கங்க.”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கினாள்.

செயலாளர் வாசல்படி இறங்கி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் கதவருகே வந்தாள். “கேக்க மறந்துட்டேன். போறது நம்ம தெரு வழியாவே போகட்டும் தம்பி. அவர் சைக்கிள் கடை வாசல் வழியா. நாலு மணிக்கு எடுத்துடலாம்.”

“கேட் வழியாவா?”

“பைபாஸ்ல யாரு நின்னு பாப்பா? லாரிக்காரன் பாப்பான். நம்ம தெருவுல ரெண்டு பக்கமும் ஜனம் நிக்கும். முன்னால இவரு. பின்னாலேயே அமைச்சர் வண்டி. அமைச்சர் பக்கத்துல நீங்க. பேப்பர்ல போட நல்ல படம்.”

செயலாளரின் கால் ஒரு செருப்புக்குள் போய் நின்றது. அந்தப் படம் அவர் கண்ணில் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. “அந்த நேரத்துல கேட் திறந்திருக்குமா அண்ணி?”

“இவருக்கு வழி விடாம போயிடுவாங்களா?”

கேள்விக்குக் கேள்வி. கடையில் பொய் சொல்லாமல் காலம் தள்ள வேறு வழி கிடையாது.

“அதுவும் சரிதான்” என்று மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார்.

அமைச்சர் மூன்றே முக்காலுக்கு வந்தார். மாலை வைத்தார், கைகூப்பினார், நாடு ஒரு நல்ல தொண்டரை இழந்துவிட்டது என்றார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். பதினான்கு கடிதத்தையும் அவர் பார்த்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. பார்க்காத சரக்குக்கு யார் விலை சொல்வார்கள்?

நாலு மணிக்கு எடுத்தார்கள். வண்டியில் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் மகள். தெரு முழுக்க ஜனம். பாத்திரக் கடையை அவளுடைய சொந்தத் தம்பி பாதி சாத்திவிட்டு வெளியே நின்றான். சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை. வண்டி அதைத் தாண்டி இருபது அடி போவதற்குள் மணி அடித்தது. குறுக்குக் கம்பி நிதானமாக இறங்கி, அவர்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

பின்னால் அமைச்சர் வண்டி நின்றது. அதன் பின்னால் பதினெட்டுக் கார். பக்கவாட்டில் ஆட்டோக்கள், பால் வண்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிவந்த வேன். பின்னால் நகர இடமில்லை. முன்னால் போக வழியில்லை.

செயலாளர் இறங்கி ஓடினார். “யோவ், தூக்குய்யா. யாரு வண்டின்னு தெரியுமா?”

“தெரியும் சார்” என்றார் கேட் கீப்பர். பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். “நேத்தும் அவரு வண்டிதான் இதே இடத்துல நின்னுது. உள்ள உயிரோட இருந்தாரு. நேத்தே திறக்க முடியல.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நின்றுபோன இடத்தில் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். அமைச்சர் கார்க் கதவைத் திறந்து வெளியே வந்திருந்தார். அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

வெயில் நெற்றிக்கு நேராக அடித்தது. அமைச்சர், பெட்டி இருந்த வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கம்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சன்னலுக்குள் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். “எவ்வளவு நேரம்மா ஆகும்?”

“எந்த வண்டின்னு பாக்கணும்” என்றாள்.

தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. அதன் பின்னால் வளைவு முழுக்கக் கறுப்பாக நீண்டுகொண்டே வந்தது.

“கூட்ஸ்” என்றாள். “கூட்ஸ்னா லேட்டாகும்.”

அமைச்சர் திரும்பிக் காருக்குப் போகவில்லை. அவளும் பாலத்தைக் கேட்கவில்லை. சரக்கை வெளிச்சத்தில் வைத்தாயிற்று. இனி பேச வேண்டியவர் அவர்தான். அதற்குள் கேட்டில் நின்ற ஜனம், வழக்கம்போல, அவரிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. பால் வண்டிக்காரர், “பிரசவத்துக்குப் போன என் பொண்ணும் இங்கதான் சார் நின்னா” என்று ஆரம்பித்தார். வேன் ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். பின்னால் இன்னும் நாலு பேர். அமைச்சர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தபடி, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நின்றார். போவதற்கு இடமில்லை.

எஞ்சின் கடந்தது. பெட்டிகள் வந்தன. வண்டியின் தரை அதிர்ந்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல் மாலைகள் லேசாக நடுங்கின.

மகள் அம்மாவின் உதடுகளைப் பார்த்தாள். அவை சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கை கண்ணாடி மேல், அவர் கை இருக்கும் இடத்துக்கு நேராகப் படிந்திருந்தது.

இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

உதடு நின்றது. ஒரு பெட்டி எண்ணப்படாமல் போய்விடும் போலிருந்தது. அவள் கண்ணாடி மேல் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

“முப்பத்திரண்டு” என்றாள், மகளுக்குக் கேட்கும்படி.